துணை நடுவர் (மல்யுத்தம்)

மல்யுத்தப் போட்டியில் முதன்மை நடுவருக்குத் துணையாக இருந்து, புள்ளி, பிழை, வீழ்த்தல் ஆகியவை பற்றித் தம் கருத்தைத் தெரிவிக்கும் அலுவலர் துணை நடுவர் ஆவார். இரண்டு மல்லர்கள் கட்டிப் புரளும்போது ஒரு பக்கம் நிற்பவருக்கு மறுபக்கம் தெரிவதில்லை. தோள்பட்டை தரையைத் தொட்டதா, கை தவறான இடத்தைப் பிடித்ததா, கால் கோட்டைத் தாண்டியதா என்ற கேள்விகளுக்கு விடை பெரும்பாலும் அந்த மறுபக்கத்தில்தான் இருக்கிறது. இக்குறையை நிரப்பவே இப்பதவி உருவானது. இதன் அதிகாரம் மல்யுத்த வகைக்கு வகை வேறுபடும். அமெரிக்கப் பள்ளி, கல்லூரிப் போட்டிகளில் துணை நடுவரின் சொல் ஆலோசனையாகக் கொள்ளப்படுகிறது. பன்னாட்டுப் போட்டிகளில் அது வாக்கு. ஜப்பானின் சுமோவில் மேடை நடுவரின் தீர்ப்பையே புரட்டிப்போடும் வலிமை அதற்கு உண்டு.

சொல்லும் வழக்கும்

தமிழில் மற்போர், மல்யுத்தம், குஸ்தி ஆகிய மூன்று சொற்களும் வழங்குகின்றன. மல் என்பது வலிமையைக் குறிக்கும் பழஞ்சொல். குஸ்தியும் பயில்வானும் பாரசீகத்திலிருந்து வந்தவை. இருவர் மோதலில் இறங்கினால் அவர்கள் கோதாவில் குதித்ததாகச் சொல்வது இன்றும் பேச்சு வழக்கு. ஆனால் கோதாவுக்குள் நிற்கும் நடுவருக்கோ, வெளியே அமர்ந்திருக்கும் துணை நடுவருக்கோ தமிழில் தனிப்பெயர் ஏற்படவில்லை. புறநானூற்றின் 80ஆம் பாட்டில் சாத்தந்தையார் பாடும் போரவைக் கோப்பெருநற்கிள்ளி, ஆமூர் மல்லனை மண்டியிட்டு அழுத்தி வெல்கிறான். அங்கே நடுவர் யாருமில்லை. கிள்ளியின் தந்தை தித்தன் இதைக் காணவேண்டும் என்றுதான் புலவர் விரும்புகிறார். பார்வையாளரே சாட்சி என்ற நிலை அது.

பன்னாட்டு விதிகளில் மூன்று பெயர்கள் உள்ளன. விரிப்பில் மல்லர்களுடன் நிற்பவர் ரெஃப்ரி. விரிப்பின் ஓரத்தில் அமர்ந்து வாக்களிப்பவர் ஜட்ஜ். இருவரையும் ஒருங்கிணைப்பவர் மேட் சேர்மன். அமெரிக்க விதிகளில் அசிஸ்டென்ட் ரெஃப்ரி என்பவர் விரிப்பின் மேலேயே நடமாடுகிறார். இக்கட்டுரையில் துணை நடுவர் என்னும் சொல், முதன்மை நடுவரல்லாத இரண்டாம் கண் எதையும் குறிக்கும். ஜட்ஜைத் தனியே சுட்டவேண்டிய இடங்களில் பக்க நடுவர் என்னும் சொல் ஆளப்படுகிறது.

தொன்மை

நடுவர் எண்ணிக்கையைப் பற்றிய பழமையான தொடர்ச்சியான செய்தி கிரேக்கத்தின் ஒலிம்பியாவிலிருந்து கிடைக்கிறது. அங்கே மல்யுத்தம் கி.மு. 708இல் 18ஆம் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது. சிறுவர் மல்யுத்தம் கி.மு. 632இல் வந்தது. எதிராளியை மூன்று முறை கீழே தள்ளியவர் வென்றவர். எடைப் பிரிவும் இல்லை, கால வரம்பும் இல்லை. ஆகவே தீர்ப்பு முழுவதும் மூன்று வீழ்த்தல்களைச் சரியாகக் கண்டுசொல்வதைப் பொறுத்தே இருந்தது.

இதைக் கண்டுசொன்னவர்கள் ஹெல்லனோடிகை எனப்பட்ட நடுவர்கள். எலிஸ் நாட்டினரான இவர்கள் போட்டிக்கு முன் பத்து மாதம் தனிக் கட்டடத்தில் தங்கி விதிகளைக் கற்றனர். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்கத்தைச் சுற்றிப் பார்த்து எழுதிய பௌசானியாஸ், தொடக்கத்தில் ஒரே நடுவர் இருந்ததையும், 50ஆம் ஒலிம்பிக்கில் இருவர் ஆனதையும், பின்னர் ஒன்பது, பத்து, பன்னிரண்டு, எட்டு என்று மாறி, 108ஆம் ஒலிம்பிக்கில் பத்தில் நிலைபெற்றதையும் வரிசையாகக் குறித்திருக்கிறார். ஒன்பது பேர் இருந்த காலத்தில் மூவர் குதிரைப் பந்தயத்தையும், மூவர் ஐந்து போட்டித் தொகுதியையும், மீதி மூவர் மற்றப் போட்டிகளையும் கவனித்தனர். மல்யுத்தம் மூன்றாம் குழுவின் பொறுப்பு. ஒரு போட்டிக்கு மூன்று கண் என்னும் ஏற்பாடு இன்றைய பன்னாட்டு விதிகளிலும் காணப்படுகிறது.

ஹெல்லனோடிகைகளுக்குக் கீழே கோல் ஏந்தியவர்களும் சவுக்கு ஏந்தியவர்களும் இருந்தனர். பழங்கிரேக்கச் சாடிகளில், கட்டிப்பிடித்து நிற்கும் இரு மல்லர்களுக்கு அருகே நீண்ட மேலங்கி அணிந்த ஒருவர் நுனி பிளந்த கோலுடன் நிற்பதைக் காணலாம். பிழை செய்தவர் அதே இடத்தில் அடி வாங்கினார். புள்ளியைக் குறைக்கும் வழக்கம் அன்று இல்லை.

மூவர் தீர்ப்பில் கருத்து மாறுபட்டால் என்ன ஆகும் என்பதற்கும் பௌசானியாஸ் ஒரு சான்று தருகிறார். அது ஓட்டப் பந்தயம் பற்றியது என்றாலும் துணை நடுவர் வரலாற்றில் தவிர்க்க முடியாதது. கி.மு. 396இல் எலிஸின் யூபோலெமஸும் அம்பிராசியாவின் லியோனும் ஏறத்தாழ ஒன்றாக எல்லையைத் தொட்டனர். நடுவர்களில் இருவர் யூபோலெமஸ் என்றனர், ஒருவர் லியோன் என்றார். லியோன் ஒலிம்பிக் மன்றத்திடம் முறையிட்டார். மன்றம் அந்த இரு நடுவர்களுக்கும் தண்டம் விதித்தது. வெற்றியாளர் பட்டியலில் இருந்த பெயர் மட்டும் மாறவில்லை. தீர்ப்பு நிற்கும், தீர்ப்புச் சொன்னவர் தண்டனை பெறுவார் என்னும் இந்த நடைமுறை நியாயமானதே. விளையாட்டரங்கில் அறிவித்ததை மறுநாள் மாற்றினால் போட்டிக்கே மதிப்பிராது.

நடுவரை ஏமாற்றும் முயற்சிகளும் தொன்மையானவை. கி.மு. 388இல் தெசலியைச் சேர்ந்த குத்துச்சண்டை வீரர் யூபோலஸ் எதிராளிகளுக்குக் கையூட்டுக் கொடுத்துப் பிடிபட்டார். தண்டப் பணத்தில் செய்த சியஸ் தெய்வத்தின் வெண்கலச் சிலைகள் ஒலிம்பியாவில் அரங்கிற்குச் செல்லும் வழியில் நிறுத்தப்பட்டன. கி.மு. 12இல் சிறுவர் மல்யுத்தத்தில் இரு மல்லர்களின் தந்தையர் வெற்றியை விலைபேசினர். அப்போது ஹெல்லனோடிகைகள் தண்டம் விதித்தது சிறுவர்களுக்கன்று, தந்தையருக்கே.

இவ்வகையில் மிக நுணுக்கமான ஆவணம் எகிப்தின் ஆக்சிரிங்கஸில் கிடைத்த ஒரு பாப்பிரஸ். கி.பி. 267இல் எழுதப்பட்ட அது ஒரு முறையான ஒப்பந்தம். அந்தினோபோலிஸ் விழாவின் சிறுவர் மல்யுத்த இறுதிப் போட்டியில் டெமெட்ரியஸ் என்பவன் மூன்று முறை விழுந்து தோற்க வேண்டும், அதற்கு 3,800 திராக்மா தரப்படும் என்று அது சொல்கிறது. நடுவர்கள் வெற்றியாளரை அறிவிக்காமல் மகுடத்தைத் தெய்வத்துக்கு ஒதுக்கிவிட்டால் டெமெட்ரியஸ்மீது வழக்குத் தொடுக்கக் கூடாது என்னும் பிரிவும் அதில் உண்டு. பேரம் பேசியவர்கள் நடுவரின் கண்ணுக்கு அஞ்சி முன்கூட்டியே விதி எழுதிவைத்திருக்கிறார்கள். போட்டியை விற்பவர்களே நடுவரின் மதிப்புக்குச் சான்று தந்துவிட்டார்கள் எனலாம்.

இந்தியாவில் மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய மானசோல்லாசம் மல்லர்களைத் தரம் பிரிக்கிறது. அவர்களுடைய உணவையும் பயிற்சியையும் விவரிக்கிறது. போட்டி மன்னர் முன்னிலையில் நடப்பது. பின்னாளில் வட இந்திய மண் கோதாக்களில் நடந்த குஸ்தியில் தோள்கள் இரண்டும் மண்ணில் பட்டதைக் கூட்டமே கூவி அறிவிக்கும். உள்ளே நிற்கும் மூத்த பயில்வான் அதை உறுதிசெய்வார்.

கால வரம்பும் புள்ளி முறையும்

துணை நடுவருக்கு நிலையான வேலை கிடைத்தது புள்ளி முறை வந்த பிறகுதான். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கின் கிரேக்க-ரோமன் நடுத்தர எடை அரையிறுதியில் எஸ்டோனியரான மார்ட்டின் கிளைனும் பின்லாந்தின் ஆல்ஃபிரட் அசிகைனனும் 11 மணி 40 நிமிடம் மோதினர். வென்ற கிளைன் களைப்பால் இறுதிப் போட்டிக்கு வரவில்லை. அதே ஒலிம்பிக்கில் மற்றொரு எடைப் பிரிவின் இறுதிப் போட்டி ஒன்பது மணி நேரம் நடந்தும் முடிவு காணவில்லை. சுவீடனின் ஆல்கிரனுக்கும் பின்லாந்தின் போலிங்குக்கும் வெள்ளிப் பதக்கமே கிடைத்தது, தங்கம் யாருக்குமில்லை. வீழ்த்தினால் மட்டுமே வெற்றி என்றால் இப்படித்தான் ஆகும். நேரத்தைக் குறைத்தார்கள். நேரம் முடிந்தபின் யார் மேல் என்று சொல்ல ஆள் வேண்டியிருந்தது. அப்படி நடுவர் குழுவும், வாக்கும், புள்ளிச் சீட்டும் வந்தன.

வகைப்பாடு

அதிகாரத்தையும் இடத்தையும் வைத்துத் துணை நடுவர்களை நான்காகப் பிரிக்கலாம்.

1. நடமாடும் ஆலோசகர். அமெரிக்கப் பள்ளி, கல்லூரி மல்யுத்தத்தில் பெரும் போட்டிகளில் இரண்டாம் நடுவரும் விரிப்பில் இறங்குகிறார். முதன்மை நடுவர் எந்தப் பக்கம் நிற்கிறாரோ அதற்கு எதிர்ப்பக்கம் இவர் நிற்பார். அவர் நகர்ந்தால் இவரும் நகர்ந்து, எப்போதும் மல்லர்களை நடுவில் வைத்துக்கொள்வார். மேலே இருப்பவர் கைகளைக் கோத்துப் பூட்டினாரா, விரலைத் தனியே பிடித்து மடக்கினாரா என்று பார்ப்பது இவருடைய அன்றாட வேலை. கருத்து வேறுபட்டால் இருவரும் சற்று ஒதுங்கிப் பேசுவார்கள். முடிவு முதன்மை நடுவருடையது.

2. அமர்ந்து வாக்களிப்பவர். பன்னாட்டுப் பிரீஸ்டைல், கிரேக்க-ரோமன் போட்டிகளில் பக்க நடுவர் விரிப்புக்கு வெளியே அமர்கிறார். அவர் கையில் சிவப்பு, நீல மட்டைகளும் புள்ளிச் சீட்டும் இருக்கும். ரெஃப்ரி விரல்களை உயர்த்திப் புள்ளி காட்டியதும் இவர் மட்டையை உயர்த்தி ஏற்பார் அல்லது மறுப்பார். இருவரும் ஒத்துப்போனால் புள்ளி பதிவாகும். மாறுபட்டால் மேட் சேர்மன் தீர்ப்பார். ஆனால் அவர் மூன்றாவதாக ஒரு புதுப் புள்ளியைச் சொல்ல முடியாது. இருவரில் ஒருவர் பக்கமே சாய வேண்டும். எனவே ஒவ்வொரு தீர்ப்பும் இரண்டு வாக்குப் பெற்ற தீர்ப்பு.

3. சுற்றியமர்ந்து மறுப்பவர். சுமோவில் மேடைமேல் நிற்கும் கியோஜி, ஆட்டம் முடிந்த நொடியில் தம் விசிறியை வென்றவர் பக்கம் நீட்டியாக வேண்டும். சமநிலை என்று சொல்லித் தப்பிக்க அவருக்கு வழியில்லை. மேடையைச் சுற்றிக் கறுப்பு உடையில் ஐந்து ஷிம்பான்கள் அமர்ந்திருப்பார்கள். எல்லாரும் முன்னாள் மல்லர்கள். ஒருவர் கையை உயர்த்தினாலும் ஐவரும் மேடையேறிக் கூடிப் பேசுவார்கள். இதற்கு மோனோ-ஈ என்று பெயர். கியோஜியின் தீர்ப்பை ஏற்கலாம், புரட்டலாம், மறுபடி மோதச் சொல்லலாம். அந்தக் கூட்டத்தில் கியோஜிக்கு வாக்கில்லை.

4. மல்லரைச் சார்ந்தவர். மங்கோலியாவின் நாதம் விழாவில் 512 மல்லர்கள் ஒன்பது சுற்று மோதும் போட்டி மரபானது. அங்கே ஒவ்வொரு மல்லருக்கும் ஒரு ஸாசூல் உண்டு. மல்லரின் தொப்பியை வாங்கி வைத்துக்கொள்வார், பட்டங்களை உரக்கச் சொல்வார், சுணங்கினால் தட்டி ஊக்குவார். ஆட்டம் முறையாக நடப்பதைப் பார்ப்பதிலும் அவருக்குப் பங்குண்டு. நடுநிலை என்னும் அளவுகோலால் பார்த்தால் இவரைத் துணை நடுவர் என்பதைவிடத் துணைவர் என்பதே பொருந்தும்.

பணிகள்

பன்னாட்டுப் போட்டி விரிப்பின் ஆடுகளம் 9 மீட்டர் விட்டமுள்ள வட்டம். அதன் விளிம்பில் 1 மீட்டர் அகலத்துக்குச் செம்மஞ்சள் நிற வளையம். அதற்கும் வெளியே பாதுகாப்புப் பகுதி. மூன்று நிமிடச் சுற்றுகள் இரண்டு. ரெஃப்ரியின் இடக்கையில் சிவப்புப் பட்டையும் வலக்கையில் நீலப் பட்டையும் இருக்கும். சிவப்பு உடைக்காரருக்குப் புள்ளி என்றால் இடக்கை உயரும்.

மல்லர்கள் நின்று மோதும்போது ரெஃப்ரி மிக அருகில் போகக் கூடாது, போனால் கால்கள் தெரியாது. தரையில் புரளும்போது அருகே போக வேண்டும். ஆனால் பக்க நடுவருக்கும் மேட் சேர்மனுக்கும் மறைப்பாக நிற்கக் கூடாது. மல்லர்களுக்கு முதுகு காட்டவும் கூடாது. இந்த விதிகள் ரெஃப்ரியை நோக்கி எழுதப்பட்டவை என்றாலும் அவற்றின் பயன் பக்க நடுவருக்கே.

வீழ்த்தல் நடக்கும் நேரத்தில் இதைத் தெளிவாகக் காணலாம். கீழே இருப்பவர் கழுத்தையும் குதிகாலையும் ஊன்றி உடலை வில்லாக வளைக்கிறார். ரெஃப்ரி மார்பு விரிப்பில் படும்படி படுத்து, கன்னத்தைத் தரையோடு வைத்து, தோள்பட்டைக்கும் விரிப்புக்கும் இடையே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கிறார். அவர் பக்கத்துத் தோள் பட்டுவிட்டது. மறு தோள் மேலே இருப்பவரின் கையிடுக்கில் மறைந்திருக்கிறது. ரெஃப்ரி கையை உயர்த்துகிறார், ஆனால் அடிக்கவில்லை. பக்க நடுவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, மறு தோளும் பட்டது என்று உறுதி காட்டுகிறார். அதற்குப் பிறகே உள்ளங்கை விரிப்பில் அறைகிறது, விசில் ஒலிக்கிறது. பக்க நடுவரோ மேட் சேர்மனோ ஒப்பாமல் வீழ்த்தல் செல்லாது.

புள்ளிகளைத் தரம் பிரிப்பதும் பக்க நடுவரின் முக்கியப் பணி. எதிராளியின் காலை வட்டத்துக்கு வெளியே தள்ளினால் 1, பின்னால் சென்று தரையில் அடக்கினால் 2, நின்ற நிலையிலிருந்து நேரே முதுகு தரையை நோக்கும்படி வீழ்த்தினால் 4, உயரத் தூக்கிச் சுழற்றி எறிந்தால் 5. பிரீஸ்டைலில் 10 புள்ளி முன்னிலை பெற்றால் ஆட்டம் முடியும், கிரேக்க-ரோமனில் 8. சமப் புள்ளியில் முடிந்தால் பெரிய பிடி யாருடையது என்று பார்க்கப்படும். ஆகவே ஒரு வீச்சை 2 என்பதா 4 என்பதா என்ற முடிவு ஆட்டத்தையே தீர்த்துவிடலாம். 2019 உலகப் போட்டியின் 65 கிலோ அரையிறுதியில் இந்தியாவின் பஜ்ரங் பூனியாவும் போட்டியை நடத்திய கஜகஸ்தானின் நியாஸ்பெகோவும் 9-9 என்று முடித்தபோது, ஒரு நான்கு புள்ளிப் பிடியே நியாஸ்பெகோவை இறுதிக்கு அனுப்பியது. நடுவர்கள் உள்ளூர் வீரர் பக்கம் சாய்ந்தனர் என்று இந்தியத் தரப்பு புலம்பியது.

ஒரே ஆட்டத்தின் அலுவலர்களில் இருவர் ஒரே நாட்டினராக இருக்கக் கூடாது. தம் நாட்டு மல்லர் மோதும் ஆட்டத்தில் யாரும் தீர்ப்பளிக்கவும் கூடாது. ஒரு நாட்டுக்குச் சொந்த அலுவலர் இல்லாதபோது நேரும் இழப்புக்கு 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கை உதாரணம் காட்டுவர். வெண்கலம் வென்ற கே. டி. ஜாதவ், ஜப்பானின் இஷியுடன் மோதித் தோற்றதும் போதிய ஓய்வின்றி அடுத்த ஆட்டத்துக்கு அழைக்கப்பட்டார் என்றும், விதியை எடுத்துச் சொல்ல இந்திய அலுவலர் யாரும் அங்கே இல்லை என்றும் சொல்லப்படுகிறது.

மாறுபட்ட தீர்ப்பும் முறையீடும்

இரண்டாம் கண்ணும் தவறலாம். 1969 மார்ச்சில் தொடர்ந்து 45 ஆட்டங்களை வென்றிருந்த சுமோ பெருவீரர் தைஹோவுக்கும் தோதாவுக்கும் நடந்த மோதலில் கியோஜி தைஹோவுக்கே வெற்றி தந்தார். ஷிம்பான்கள் கூடித் தோதாவுக்கு மாற்றினர். தோதாவின் கால் முன்னரே வெளியே பட்டிருந்தது ஒளிப்படங்களில் தெரிந்தது. தைஹோவின் தொடர் வெற்றி அத்தோடு முடிந்தது, தீர்ப்பு மாறவில்லை. அதே ஆண்டு காணொளிப் பதிவு துணைக்கு வந்தது.

2008 பெய்ஜிங்கில் கிரேக்க-ரோமன் 84 கிலோ அரையிறுதியில் இத்தாலியின் மிங்குசியிடம் தோற்ற சுவீடனின் ஆரா அப்ரகாமியன், அந்தத் தீர்ப்பை எதிர்த்து, பின்னர் வென்ற வெண்கலப் பதக்கத்தை விரிப்பிலேயே வைத்துவிட்டு வெளியேறி, பதக்கத்தை இழந்தார். விளையாட்டு நடுவர் மன்றம், முறையீட்டைக் கேட்க ஓர் அமைப்பு இருந்திருக்க வேண்டும் என்று அன்றைய உலக மல்யுத்தக் கூட்டமைப்பான ஃபிலாவைக் கண்டித்தது. பதக்கம் திரும்பவில்லை. லியோன் காலத்து முடிவிலிருந்து இது அதிகம் வேறுபடவில்லை.

இன்று பயிற்சியாளர் தீர்ப்பை மறுக்க விரும்பினால் மென்மையான ஒரு பஞ்சுக் கட்டையை விரிப்பில் எறிகிறார். காணொளி மறுபடி பார்க்கப்படும். மறுப்பு தோற்றால் எதிராளிக்கு 1 புள்ளி. 2016 ரியோவில் 65 கிலோ வெண்கல ஆட்டத்தில் மங்கோலியரான மந்தாக்னரான் கடைசி நொடிகளில் மோதாமல் துள்ளிக் கொண்டாடியதால் எதிராளி நவ்ரூசோவுக்குப் புள்ளி தரப்பட்டது. மங்கோலியப் பயிற்சியாளர்கள் விரிப்பிலேயே ஆடைகளைக் களைந்து மறுப்புக் காட்டினர். அந்தக் கூத்து தீர்ப்பை அசைக்கவில்லை.

இன்றைய நிலை

ஃபிலா 2014 முதல் யுனைடெட் வேர்ல்ட் ரெஸ்லிங் என்னும் பெயரில் இயங்குகிறது. பன்னாட்டு நடுவர்கள் மூன்றாம் நிலையில் தொடங்கி இரண்டு, ஒன்று என உயர்ந்து ஒலிம்பிக் நிலையை அடைகின்றனர். பெண்கள் மல்யுத்தம் 2004 முதல் ஒலிம்பிக்கில் உள்ளது. பெண் நடுவர்களும் பணியாற்றுகின்றனர். மின்பலகையும் காணொளியும் பக்க நடுவரின் சுமையைக் குறைத்திருக்கின்றன. ஆயினும் வீழ்த்தல் வேளையில் ரெஃப்ரி விரிப்பை அறையும் முன் ஓரத்து நாற்காலியை நிமிர்ந்து பார்ப்பது தொடர்கிறது.